அவளா, அதுவா

விசிறியை நிறுத்தச் சொல்லிவிட்டுத்தான் அவர் தீக்குச்சியை உரசுவார். பாரிமுனையில், தம்பு செட்டித் தெருவை ஒட்டிய ஒரு சந்தில், மூன்றாம் மாடியில், மே மாத மதியத்தில் விசிறி நிற்பது லேசான விஷயமில்லை. ஆனாலும் அறையில் இருக்கிற நாங்கள் எல்லோரும் எழுந்துபோய் அவர் மேசையைச் சுற்றி நிற்போம். துணிச் சாம்பிளின் ஓரத்திலிருந்து பாவு நூல் ஒன்றும் ஊடை நூல் ஒன்றும் தனித்தனியே உருவுவார். ஒன்றை இடுக்கியில் பிடித்துச் சுடருக்கு அருகே மெல்லக் கொண்டுபோவார். பருத்தியாக இருந்தால் தயங்காமல் பற்றிக்கொள்ளும். காகிதம் எரிகிற வாசனை. ஊதினால் பறக்கிற சாம்பல். பாலியெஸ்டர் சுடரைக் கண்டதும் சுருங்கிப் பின்வாங்கும், உருகும், கரும்புகை விடும். ஆறிய பிறகு நுனியில் கடுகளவு கெட்டி மணி ஒன்று நிற்கும். கம்பளியும் பட்டும் எரிந்தால் தலைமுடி கருகுகிற நாற்றம். கலப்பு நூலில் சாம்பலும் இருக்கும், மணியும் இருக்கும். சாம்பலை என் விரல்களுக்கிடையே வைத்துத் தேய்க்கச் சொல்வார்.

"இன்வாய்ஸ்ல நூறு சதம் காட்டன்னு போட்டிருக்கான். நீ மோந்து பாரு தம்பி."

அது ஒரு கிளியரிங் ஏஜென்டின் அலுவலகம். 2001-இல் சேர்ந்து மூன்று ஆண்டுகள் அங்கே எழுத்தராக இருந்தேன். கப்பலில் வந்த சரக்குக்கு பில் ஆஃப் என்ட்ரி தயாரிப்பது, ராஜாஜி சாலையில் உள்ள சுங்க மாளிகைக்கும் அலுவலகத்துக்கும் நடப்பது, அப்ரைசர் கேட்கிற கேள்விக்குப் பதில் வாங்கிவருவது. அவர் அங்கே தலைமை எழுத்தர். தீயில் காட்டிப் பார்ப்பது சட்டப்படியான சோதனை இல்லை. அதற்குச் சுங்கத் துறையின் ஆய்வகம் உண்டு. அவர்கள் சொல்வதுதான் செல்லும். ஆனால் ஒரு பொருளின் பெயரைத் தாளில் எழுதுவதற்கு முன்னால் அது என்ன என்று கையாலும் மூக்காலும் தெரிந்துகொண்டிருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. பிறகு எத்தனையோ பேரிடம் எத்தனையோ படித்திருக்கிறேன். ஒன்றை அது என்னவாக இருக்கிறதோ அப்படியே பார்ப்பது எப்படி என்று அவரிடம் படித்ததுதான் இன்றைக்கும் கைகொடுக்கிறது.

நான் சேர்ந்த ஆண்டு முக்கியமானது. அந்த ஏப்ரல் 1-ஆம் தேதியோடு இந்தியா நுகர்பொருள் இறக்குமதிக்கு வைத்திருந்த அளவுக் கட்டுப்பாடுகளில் எஞ்சியவற்றையும் நீக்கிவிட்டது. அதுவரை வெளிநாட்டுப் பொம்மை என்றால் எங்கள் அலுவலகத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த பர்மா பஜார்தான். அதற்குப் பிறகு பொம்மைகள் கன்டெய்னரில், முறையான காகிதங்களோடு, எங்கள் மேசைக்கு வந்தன. துணிகளும் வந்தன. இரண்டையும் ஒரே மனிதர் ஒரே மேசையில் வைத்துப் பார்த்ததால்தான் என் தலைக்குள் அவை இன்றுவரை ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

உலகத்தில் விற்று வாங்கப்படுகிற எல்லாப் பொருளுக்கும் ஓர் அட்டவணை இருக்கிறது. பிரஸ்ஸல்ஸில் இருக்கும் உலகச் சுங்க அமைப்பு பராமரிப்பது. 1988 முதல் நடப்பில் இருப்பது. இந்தியா 1975-ஆம் ஆண்டின் சுங்கக் கட்டணச் சட்டத்தை 1986-லேயே இதற்கேற்ப மாற்றிக்கொண்டது. முதல் அத்தியாயம் உயிருள்ள விலங்குகள், 97-ஆவது அத்தியாயம் கலைப்பொருட்கள். ஆட்டுக்குட்டியில் தொடங்கி ஓவியத்தில் முடிகிற இந்த நீண்ட வரிசையில் மனிதத் தலைமுடிக்கு இடமுண்டு, மனிதருக்கு இல்லை. இருக்கவும் கூடாது. ஆனால் 50 முதல் 63 வரையிலான துணி அத்தியாயங்களுக்கும் 95-ஆம் அத்தியாயமான பொம்மைகளுக்கும் வரும்போது மனிதரைக் கேட்காமல் அட்டவணையால் ஓர் அடி நகர முடிவதில்லை. இதை உடுத்தப்போவது யார்? இது யாருடைய உருவம்?

துணியில் முதல் கேள்வி, பின்னியதா நெய்ததா என்பது. பனியன் போலப் பின்னியது என்றால் 61, சட்டைத் துணி போல நெய்தது என்றால் 62. அடுத்தது, என்ன இழை. கலப்பாக இருந்தால் எடையில் எது மிகுதியோ அதன் பெயர். சரிபாதியாக இருந்தால்? அட்டவணையில் எது கடைசியாக வருகிறதோ அது. பஞ்சும் பாலியெஸ்டர் இழையும் ஐம்பதுக்கு ஐம்பது என்றால் பாலியெஸ்டர்தான் வெல்லும். பருத்திக்கு 52, அதற்கு 55. மூன்றாவதாகத்தான் ஆணா பெண்ணா என்பது வரும். முன்பக்கம் திறக்கிற உடையில் இடது மடிப்பு வலதின் மேல் விழுந்தால் ஆணுடை, வலது இடதின் மேல் விழுந்தால் பெண்ணுடை. வெட்டும் தையலும் வேறு விதமாகத் தெளிவாகச் சொன்னால் ஒழிய இதுவே விதி. அதைப் படித்த அன்று குனிந்து என் சட்டைப் பொத்தானைப் பார்த்தது நினைவிருக்கிறது. இருபத்து மூன்று வயதுவரை தினமும் போட்டுக் கழற்றிய ஒன்றை அதுவரை நான் பார்த்ததே இல்லை.

இரண்டிலும் சேராத உடை பெண்ணுடையாகக் கொள்ளப்படும் என்று அதே குறிப்பு முடிகிறது. யாருடையது என்று தெரியாததைப் பெண்கள் பக்கம் தள்ளிவிடுவதை நான் அன்று சாதாரணமாகக் கடந்துபோனேன். இன்று அப்படிப் போக முடியவில்லை. அமெரிக்காவில் ஒரு கையுறை நிறுவனம், ஆண்களின் தோல் கையுறைக்கு 14 விழுக்காடும் மற்றவர்களுடையதற்கு 12.6 விழுக்காடும் வரி வாங்குவது பாலினப் பாகுபாடு என்று வழக்குப் போட்டது. 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. விகிதம் வேறாக இருப்பதே பாகுபாடு ஆகிவிடாது என்றது. ஒரே தோல், ஒரே தையல், உள்ளே நுழையும் கை மட்டும் வேறு.

குழந்தை உடுப்புக்குத் தனி விதி. 86 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேற்படாத சிறு குழந்தைகளுக்கானது எதுவோ அது குழந்தை உடுப்பு. அந்த உயரம்வரை ஆண் பெண் கேள்வியே எழாது. பொத்தான் எந்தப் பக்கம் என்று யாரும் பார்ப்பதில்லை. உடுப்பு இரண்டு தலைப்புகளுக்கும் பொருந்துவதுபோல் தோன்றினாலும் குழந்தையின் தலைப்புக்கே போகும். அந்த வருடம் என் அக்கா தன் மகனை வாசல் நிலையோடு ஒட்டி நிறுத்தி, தலைக்கு மேல் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். நான் டேப் வைத்து அளந்தேன். 84. அவனுக்கு இன்னும் இரண்டு சென்டிமீட்டர் மிச்சமிருந்தது என்பதில் எனக்கு ஏன் அவ்வளவு சந்தோஷம் வந்தது என்று அப்போது சொல்லத் தெரிந்திருக்காது.

இனி, ஒரு துணுக்குத் துணி. உள்ளங்கை அகலம். நல்ல பருத்தி, பூப்போட்டது, கழுத்தில் சுருக்கு, பின்னால் ஒட்டுப் பட்டை. இது என்ன என்று அவர் எங்களைக் கேட்டார். நெய்தது, பருத்தி, பெண்ணுடை என்று அடுக்கினேன். 86 சென்டிமீட்டர் நினைவு வந்து குழந்தை உடுப்பு என்று மாற்றிக்கொண்டேன். அவர் பேசாமல் பெட்டியிலிருந்து பொம்மையை எடுத்து அதற்கு அந்தக் கவுனை மாட்டினார். பொம்மையின் உடை உடை அல்ல. எந்த ஊர்ப் பஞ்சு, எப்படிப்பட்ட தையல் என்றாலும் துணி அத்தியாயங்கள் அதைத் தம் எல்லையிலிருந்து விலக்கி, பொம்மைகளின் அத்தியாயத்துக்கு அனுப்பிவிடுகின்றன. அதை உடுத்துகிறவளுக்கு உயிரில்லை என்பதால் அது ஒரு பொம்மை உறுப்பு, கை கால் மாதிரி.

அந்த நாளில் பொம்மைகளும் இரண்டாகப் பிரிந்திருந்தன. மனித உருவமென்றால் 9502. மற்றவை 9503. ஓர் உருவம் எப்போது மனித உருவம்? அட்டவணைக்கு விளக்கவுரை ஒன்று உண்டு. தேவதை, இயந்திர மனிதன், பிசாசு, அரக்கன் இவையெல்லாம் பெரும்பாலும் மனித அங்கங்களே கொண்டிருந்தாலும் மனிதர் அல்லாத உருவங்கள் என்று அது சொன்னது. அதை முதல்முறை படித்தபோது பள்ளிக்கூடத் தமிழையா வந்து முன்னால் நின்றார். தொல்காப்பியர் மக்களை உயர்திணை என்றும் மற்றதையெல்லாம் அஃறிணை என்றும் பிரித்தார். பவணந்தி நன்னூலில் மக்களோடு தேவரையும் நரகரையும் உயர்திணையில் எடுத்துக்கொண்டார். பிரஸ்ஸல்ஸ் வெளியே நிறுத்திய அதே இருவரைத்தான் பவணந்தி உள்ளே அழைத்து உட்காரவைத்திருக்கிறார்.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இது ஏட்டுக் கேள்வி அல்ல. வினைமுற்றுக்கு வரும் ஒவ்வொரு முறையும் நாம் இந்தச் சுங்கச்சாவடியைத் தாண்டுகிறோம். வந்தான், வந்தாள், வந்தது. முடிவு செய்யாமல் வாக்கியத்தை முடிக்க முடியாது. ஆனால் இலக்கணம் ஒரு வாசலையும் திறந்து வைத்திருக்கிறது. வீடு திரும்பும் பசுவை மகிழ்ச்சியில் அம்மா என்றழைத்து, வந்தாள் என்று ஒருவர் சொன்னால் அது குற்றமாகாது. திணை வழுவமைதி என்று அதற்குப் பெயரே இருக்கிறது. பிழையைப் பிழை என்று தெரிந்தே, அன்பின் பொருட்டு ஏற்றுக்கொள்கிற விதி. சுங்க அட்டவணையில் நான் தேடிக் காணாத விதியும் அதுதான்.

2003 ஜனவரியில் நியூயார்க்கில் இருக்கிற அமெரிக்கப் பன்னாட்டு வணிக நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. டாய் பிஸ் என்ற நிறுவனம் 'எக்ஸ்மென்' கதைகளின் நாயகர்களையும் வில்லன்களையும் கையடக்கப் பிளாஸ்டிக் உருவங்களாக இறக்குமதி செய்திருந்தது. சுங்கத் துறை அவற்றை மனித உருவங்கள் என்று கொண்டு 12 விழுக்காடு வரி போட்டது. நிறுவனம், இவை மனிதர்கள் இல்லை, 6.8 விழுக்காடுதான் கட்டவேண்டும் என்றது. வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. நீதிபதி ஜூடித் பார்சிலே அந்தச் சின்னஞ்சிறு உருவங்களைப் பார்த்தார். கைமுட்டியிலிருந்து கத்தி போல நகம் நீளும் உல்வரினைப் பார்த்தார். சிறகு, உணர்கொம்பு, இயந்திரக் கை எல்லாவற்றையும் பார்த்தார். மனித உருவம் என்ற சொல் மனிதரைத் தெளிவாகக் குறிக்கும் உருவத்துக்கு மட்டுமே உரியது என்றும், இவை அப்படிப்பட்டவை அல்ல என்றும் முடிவு செய்தார். நிறுவனம் வென்றது.

அவர் பார்த்தவிதத்தில் எனக்குக் குறைசொல்ல ஒன்றுமில்லை. எங்கள் தலைமை எழுத்தர் நூலை எரித்து முகர்ந்த அதே சிரத்தை அது. விதி கேட்டதற்கு விதிப்படி பதில். ஆனால் எக்ஸ்மென் கதை எதைப் பற்றியது என்று அதைப் படித்த எந்தப் பையனுக்கும் தெரியும். 1963-இல் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் தொடங்கிவைத்த அந்தத் தொடரில், பிறப்பிலேயே வேறுபட்ட சிலரைச் சுற்றியிருப்பவர்கள் வெறுக்கிறார்கள், வேட்டையாடுகிறார்கள். நாங்களும் உங்களைப் போன்றவர்களே என்பதுதான் அவர்களுடைய ஓயாத வழக்கு. அந்தக் கதையால் வாழ்ந்த நிறுவனத்தின் வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் எழுந்து நின்று, இவர்கள் மனிதர்கள் இல்லை என்று வாதாட வேண்டி வந்தது. 5.2 விழுக்காடு வித்தியாசத்துக்காக. சட்டத்தில் அதற்கு இடமிருந்தது, வணிகத்தில் அதற்குக் காரணமிருந்தது. ஆனாலும் அந்தச் செய்தியை அலுவலகத்துக்கு வந்த பேப்பரில் படித்தபோது யாரோ சொந்தப் பிள்ளையைப் பிள்ளை இல்லை என்று சத்தியம் செய்ததைக் கேட்டது போலத்தான் இருந்தது. சிங்கமுகமும் நகமும் கொண்டு தூணிலிருந்து வந்தவரை வருடாவருடம் கொலுப்படியில் மேலே வைத்துச் சுண்டல் படைக்கிற வீட்டில் வளர்ந்தவன் நான். மனிதனாலும் விலங்காலும் சாவில்லை என்ற வரத்தின் இடுக்கு வழியாக வந்தவர் அவர். அவரை எந்தத் தலைப்பில் வைப்பது என்று எங்கள் பாட்டி ஒருநாளும் தடுமாறியதில்லை.

அதே 2003-இல் அமெரிக்காவில் இன்னொரு தீர்ப்பு. ஹாலோவீன் வேடத் துணிகள். சூனியக்காரி, கடற்கொள்ளைக்காரன், கோமாளி. உள்ளூரில் உடை தைக்கும் நிறுவனம் ஒன்று, இறக்குமதியாகிற இந்த வேடங்களும் உடைகள்தாம், உடைக்குரிய வரியைப் போடுங்கள் என்று கேட்டது. நீதிமன்றம் தையலைப் பார்த்தது. ஓரம் மடித்துத் தைக்காமல் பிசிறாக விடப்பட்டிருக்கிறது. கழுத்தில் ஒட்டுப் பட்டை. ஒருநாள் போட்டால் கிழிந்துவிடும். இது உடையல்ல, விழாப் பொருள் என்றது. விழாப் பொருளுக்கு வரியே இல்லை. ஆக, ஓரத்தை ஒழுங்காக மடித்துத் தைத்தால் வரி உண்டு. பிசிறாக விட்டால் கிடையாது. அந்த ஓரத்தை மடித்துத் தைப்பதற்கு ஒரு தையல்காரிக்குச் சில நிமிடங்கள் ஆகும். அதைத் தெரிந்தும் செய்யாமல் விடுவதற்கு அவளுக்கு உத்தரவு வந்திருக்கும் என்று நினைக்கும்போது எனக்குப் பொறுக்கவில்லை. நன்றாகச் செய்யத் தெரிந்த கையை நன்றாகச் செய்யாதே என்று சொல்வதைவிடப் பெரிய அவமதிப்பு தொழிலில் கிடையாது. கைகள் நுழைக்க இரண்டு குழாய் வைத்த போர்வை ஒன்றும் 2017-இல் இப்படி நீதிமன்றம் ஏறியது. ஸ்னக்கி என்று பெயர். உடை என்றால் 14.9 விழுக்காடு, போர்வை என்றால் 8.5. முதுகுப்பக்கம் திறந்தே கிடக்கிறது, உட்கார்ந்து போர்த்திக்கொள்ளத்தான் முடியும் என்று போர்வையாயிற்று. இதில் எனக்குப் பேச்சில்லை. எங்கள் பாட்டி கேட்டிருந்தாலும் போர்வை என்றுதான் சொல்லியிருப்பாள்.

இந்தியாவில் பழந்துணியின் கதை இதைவிடக் கடுமையானது. உடுத்திக் களைந்த துணிக்கு 6309, கந்தலுக்கு 6310. உடுத்தக்கூடிய பழைய உடையைக் கொண்டுவர உரிமம் வேண்டும். கந்தலுக்கு வேண்டாம். ஆனால் கந்தல் என்றால் அது முழுதாகச் சிதைக்கப்பட்டிருக்க வேண்டும். அதாவது, நன்றாக இருக்கிற ஒரு கோட்டை, நன்றாக இருக்கிறது என்பதற்காகவே, மறுபடி யாரும் போட முடியாதபடி வெட்ட வேண்டும். அப்படிக் கிழிபட்டு வருகிற கம்பளித் துணிகள் பானிபட்டுக்குப் போகின்றன. அங்கே நிறம் பிரித்து, நாராக்கி, மறுபடி நூலாக்கி, மலிவான போர்வையாக நெய்கிறார்கள். மேக்னா குப்தா 2012-இல் எடுத்த 'அன்ராவல்' என்ற ஆவணப்படத்தில் அந்த வேலையில் இருக்கிற பெண்களைப் பார்த்தேன். தரையில் பதித்து நிற்கும் அரிவாள் போன்ற கத்தியில் துணியை இழுத்துக் கிழிக்கிறார்கள். இழுத்துக்கொண்டே பேசுகிறார்கள். இவ்வளவு பெரிய உள்ளாடையைப் போடுகிறவள் எப்படி இருப்பாள்? இவ்வளவு நல்ல துணியை ஏன் தூக்கிப் போட்டுவிட்டாள்? அந்த ஊரில் தண்ணீருக்குப் பஞ்சமாம், துவைக்க முடியாமல் எறிந்துவிடுகிறார்களாம் என்கிறார்கள். பொத்தானையும் ஜிப்பையும் அகற்றிவிட்டுத்தான் துணியை இழுக்கிறார்கள். அட்டவணை கந்தல் என்று எழுதி முடித்த ஒன்றில் அவர்கள் இன்னும் ஓர் உடம்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அந்தப் படத்தை நான் மூன்று முறை பார்த்திருக்கிறேன்.

சரக்கைப் பார்த்துப் பெயரிட்டு வரி வாங்குவது நமக்குப் புதிதல்ல. காவிரிப்பூம்பட்டினத்தில் சுங்கம் கொள்கிறவர்கள் சரக்கு மூட்டைகளில் புலிச் சின்னம் பொறித்ததைப் பட்டினப்பாலை சொல்கிறது. முதலாம் குலோத்துங்கனைச் சுங்கம் தவிர்த்த சோழன் என்றே நாடு நினைவில் வைத்துக்கொண்டது. ஆனால் நம் கடற்கரைத் துணிக்குப் பிறர் வைத்த பெயர்கள் வேறு வகை. சதுரங்கப்பட்டினத்திலிருந்தும் பழவேற்காட்டிலிருந்தும் மதராஸிலிருந்தும் போன சீட்டித்துணி ஐரோப்பாவில் கம்பளிக்காரர்களையும் பட்டுக்காரர்களையும் கதிகலங்கவைத்தது. பிரான்ஸ் 1686-இல் தடை போட்டது. இங்கிலாந்து 1700-இல் ஒரு சட்டம், 1721-இல் அதைவிடக் கடுமையான இன்னொன்று. அந்தச் சட்டங்களின் நுணுக்கம்தான் என்னை வியக்கவைக்கிறது. முதல் சட்டத்தில், பூப்போட்டு வந்த துணி கூடாது. வெள்ளையாக வந்தால் ஆகலாம், பூவை லண்டனில் போட்டுக்கொள்ளலாம். இரண்டாவதில் அச்சிட்ட பருத்தியை உடுத்தவே கூடாது. ஆனால் முழுவதும் நீலச் சாயம் தோய்த்தது ஆகலாம், மஸ்லின் ஆகலாம். உள்ளூர்ப் பருத்தி ஆலைகள் எழுந்த பிறகு 1774-இல் ஆர்க்ரைட்டின் முயற்சியால் விதி தளர்ந்தது. இங்கிலாந்தில் நெய்த முழுப் பருத்தித் துணி செல்லும். அது உள்நாட்டுத் துணிதான் என்பதற்கு அடையாளமாக, கரையில் மூன்று நீல நூல் ஓட வேண்டும்.

மூன்று நீல நூல். அதை வாசித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இரண்டு நாட்டுத் துணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அந்த மூன்று நூல்தான் வித்தியாசம் என்றாகியிருந்தது. சோழமண்டலக் கரையின் நெசவாளி பாவு ஓட்டும்போது கடல்தாண்டி யாரோ தன் துணிக்கு வைத்திருக்கிற பெயரை அறிந்திருக்க வழியில்லை. அவன் தறியில் ஏறிய கேடு எங்கே முளைத்தது என்று அவனுக்கு யார் போய்ச் சொல்லியிருக்க முடியும்? எங்கள் தலைமை எழுத்தரின் முன்னோர் சதுரங்கப்பட்டினம் பக்கத்துத் தறிக்காரர்கள். கரையை முதலில் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அவர் எந்தத் துணியையும் விரிப்பார். அது தொழிலில் வந்த பழக்கம் என்று அன்று நினைத்திருந்தேன்.

2007-இல் உலக அட்டவணை திருத்தப்பட்டபோது 9502 என்ற தலைப்பே நீக்கப்பட்டது. மனித உருவமும் மிருக உருவமும் மூன்றுசக்கரச் சைக்கிளும் 9503-க்குள் ஒன்றாகக் குடியேறின. உல்வரின் மனிதனா என்ற கேள்விக்கு இப்போது சுங்கத்தில் பதில் தேவையில்லை. இந்தியாவில் பொம்மை மீதான அடிப்படை வரி 2020-இல் 20 விழுக்காட்டிலிருந்து 60-க்கும், 2023-இல் 70-க்கும் ஏறியது. 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத பொம்மை விற்கக் கூடாது. ஈயச் சாயத்தையும் உதிர்கிற கண்ணையும் வாயில் வைக்கப்போகிற குழந்தையை நினைத்தால் இந்த முத்திரையை நான் மனமார வரவேற்கிறேன். வரி ஏற ஏறப் பெயர் மீது விழுகிற பாரமும் ஏறும் என்பதை மட்டும் பாரிமுனையில் வேலைபார்த்தவன் என்ற முறையில் அறிவேன்.

அந்தக் கவுன் போட்ட பொம்மையைப் பற்றி ஒன்று பாக்கியிருக்கிறது. 2003 பிப்ரவரியில் இந்தியாவில் எட்டு இலக்கக் குறியீடு வந்தது. பழைய கோப்புகளையெல்லாம் புது எண்ணுக்கு மாற்றிக்கொண்டிருந்தோம். சாம்பிளாக எடுத்து, வேலை முடிந்து திரும்பிவந்த பொருள்களை இறக்குமதிக்காரரிடம் கொடுத்துவிட வேண்டும். பொம்மையை என்ன செய்வது என்று போனில் கேட்டதற்கு, நீங்களே வெச்சுக்கோங்க சார் என்றுவிட்டார். அது இரண்டு வாரம் அலமாரி மேல் கிடந்தது. ஒரு காலைக் கழற்றிப் பார்த்திருந்தோம், சரியாக மாட்டவில்லை. நெற்றியில் நான் ஒட்டிய சீட்டில் எட்டு எண்கள்.

அலுவலகத்தைப் பெருக்க வரும் அம்மாவை ஆயா என்று கூப்பிடுவோம். ராயபுரத்திலிருந்து நடந்தே வருவார். ஒருநாள் மாலை துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அலமாரியை அண்ணாந்து பார்த்தபடி நின்றார்.

"சார், அது யாருக்கும் வேணாமா? பேத்திக்கு எடுத்துக்கட்டுமா?"

தலைமை எழுத்தர் தலையாட்டினார். ஸ்டூல் போட்டு நான்தான் எடுத்துக் கொடுத்தேன். ஆயா அதை வாங்கி முதலில் நெற்றிச் சீட்டை நகத்தால் உரித்தார். எச்சில் தொட்டுப் பசையைத் துடைத்தார். தொங்கிய காலை ஒரு திருகு திருகினார், உட்கார்ந்துகொண்டது. கவுனின் பின்பக்க ஒட்டுப் பட்டை திறந்திருந்ததை இழுத்து ஒட்டினார். வெளியே தூறல். முந்தானையை எடுத்து அதன் தலையை மூடி, இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"மழ வலுக்கறதுக்குள்ள கூட்டிட்டுப் போயிடறேன் சார்" என்றார்.